செவ்வந்தி கொண்டுவந்த பாட்டில்

சேதுலட்சுமியின் மூக்கைப் பற்றி ஊரில் பெருமையாகத்தான் பேசிக்கொள்வார்கள். இராமநாதபுரத்திலிருந்து எண்ணெய் டின் வந்து இறங்கினால் மூடியைத் திறந்து ஒரு தடவை முகர்ந்து பார்ப்பாள். "இது சுத்தமான கடலையெண்ணெ இல்ல, திருப்பி வண்டியில ஏத்து" என்று அவள் சொல்லிவிட்டால், கொண்டுவந்தவன் எதிர்த்துப் பேசாமல் ஏற்றிக்கொண்டு போவான். பருப்பில் வண்டு விழுவதற்கு ஒரு வாரம் முன்பே அவளுக்கு வாடை தெரியும் என்பார்கள். அது கொஞ்சம் மிகைதான். ஆனால் சிக்கல் என்ற ஊருக்கு மேற்கே இருந்த அந்தச் சின்ன ஊரில், மகளிர் குழுவுக்காக அவள் நடத்திய பலசரக்குக் கடையில் கலப்படம் கிடையாது என்று எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு நம்பினார்கள். அந்த நம்பிக்கைக்கு அவள் மூக்கைத் தவிர வேறு அத்தாட்சி இல்லை.

இரண்டாயிரத்து நாலாம் வருசம் தை பிறந்ததும் அந்தக் கடையில் பிளாஸ்டிக் கவர் கொடுப்பதை நிறுத்தினார்கள். காரணம் ஊருணி. ஊருக்குக் குடிக்கிற தண்ணீர் அது ஒன்றுதான். காற்றுக்குப் பறக்கிற கவர்கள் எல்லாம் அதில்தான் போய் விழுந்தன. குடத்தை முக்கினால் தண்ணீருக்கு முன்னால் கவர் வந்து வாயை அடைத்தது. முந்தின கார்த்திகையில் பெய்த கொஞ்ச மழையும், தண்ணீர் வருகிற வரத்துக்கால் முழுக்கக் கவர் அடைத்துக்கொண்டதால் ஊருணிக்கு வராமல் ரோட்டில் ஓடியது. குழுப் பெண்கள் பதினெட்டுப் பேரும் இறங்கி வரத்துக்காலைத் தோண்டினார்கள். வாரிப்போட்டதில் பாதிக்கு மேல் எண்ணெய்க் கவர். அஞ்சு ரூபாய்க்கு எண்ணெயைச் சின்னக் கவரில் ஊற்றி நூலால் இறுக்கிக் கட்டிக் கொடுப்பது எல்லாக் கடையிலும் உள்ள வழக்கம். அன்றைக்குத் தாளிப்பதற்கு மட்டும் வாங்கிப்போய், அன்றைக்கே கவரை வீசிவிடுவார்கள். ஊருணியை அடைத்தது தங்கள் கடைக் கவர்தான் என்று தெரிந்ததும் சேதுலட்சுமிக்கு வெட்கமாகப் போய்விட்டது. மறுவாரமே கடை வாசலில் பலகை தொங்கியது. பையும் பாத்திரமும் கொண்டுவந்தால்தான் சாமான்.

செய்தது நல்ல காரியம். அதில் இரண்டாவது பேச்சுக்கு இடமில்லை. ஆனால் நல்ல காரியம் செய்கிறவர்களுக்கு வருகிற பிடிவாதம் ஒன்று உண்டு. அது சேதுலட்சுமிக்கும் வந்தது. வீட்டிலிருந்து கிளம்பிக் கடைக்கு வருகிறவர்கள் தூக்குவாளியோடு வந்தார்கள், அவர்களுக்குச் சிரமமில்லை. மிளகாய்க் காட்டில் வேலை செய்கிறவர்கள் வீட்டிலிருந்து வருவதில்லை. காலையில் கஞ்சிச் சட்டியோடு போய், பொழுது சாய்கிற நேரத்தில் கூலியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, காட்டிலிருந்து நேரே கடைக்கு வருவார்கள். காலையில் கிளம்பும்போதே எண்ணெய்க்குப் பாட்டில் எடுத்துக்கொண்டு போ என்றால், கூலி கிடைக்குமா கிடைக்காதா என்று தெரியாமல் யார் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு அலைவார்கள்? பலகை எழுதும்போது பதினெட்டுப் பேரில் ஒருத்திக்கும் இது தோன்றவில்லை. அவர்கள் யாரும் கூலிக்குப் போகிறவர்கள் இல்லை.

செவ்வந்தி கூலிக்குப் போகிறவள். ஊருக்குக் கிழக்கே காட்டை ஒட்டிய கடைசி வீடு. புருசன் கூத்தையா ஆடு மேய்க்கிறவன், கூடவே மாமியார் சோலையம்மாள். முதல் தடவை அவள் வெறுங்கையோடு வந்தபோது, "பலகையப் பாக்கலயாத்தா?" என்று சேதுலட்சுமி கேட்டாள். செவ்வந்திக்கு எழுத்து தெரியாது என்பது அவளுக்குத் தெரியும், இருந்தும் கேட்டாள். செவ்வந்தி வீட்டுக்கு நடந்துபோய்ச் செம்போடு திரும்பி வருவதற்குள் கடை அடைத்திருந்தது. இரண்டாவது தடவையும் வெறுங்கையோடுதான் வந்தாள். சேதுலட்சுமி பலகையைக் கையால் காட்டினாள். செவ்வந்தி போய்விட்டாள், அன்றைக்குத் திரும்பி வரவில்லை.

மூன்றாவது தடவை, மாசி மாதம் ஒரு சாயங்காலம், கடையில் நல்ல கூட்டம். செவ்வந்தி கூட்டத்துக்கு மேலே கையைத் தூக்கி ஒரு பாட்டிலைக் காட்டினாள். முகமெல்லாம் சிரிப்பு.

"இன்னைக்குக் கொண்டாந்துட்டேன்க்கா. அஞ்சு ரூவாய்க்கு எண்ணெ ஊத்துங்க."

பழுப்பு நிறக் கண்ணாடிப் பாட்டில். மேலே ஒட்டியிருந்த தாளைச் சுரண்டி எடுத்திருந்தாள். சேதுலட்சுமி மூடியைத் திருகி, பழக்கதோசத்தில் மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனாள். சுரீர் என்று ஒரு வாடை ஏறியது. மிளகாய்ச் செடிக்குப் பூச்சிமருந்து அடிக்கிற நாட்களில் காற்றோடு வருகிற அதே வாடை, லேசாக. கழுவியிருக்கிறாள், ஆனால் போகவில்லை. சேதுலட்சுமிக்கு அதில் சந்தேகமே வரவில்லை. பத்து வருசமாக அவளை ஏமாற்றாத மூக்கு அன்றைக்கும் ஏமாற்றவில்லை.

எண்ணெய் டின்னுக்குப் பின்னால், கையெட்டும் தூரத்தில், மிச்சமிருந்த பழைய கவர்க்கட்டு ஒன்று கிடந்தது. ஒன்றை உருவி எண்ணெயை ஊற்றிக் கட்டிக் கொடுத்திருக்கலாம். கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. ஒருத்திக்குக் கொடுத்தால் நாளைக்கு ஊரே கேட்கும். கவர் இல்லாத கடை என்று அடுத்த வாரம் இராமநாதபுரத்தில் கேடயம் வேறு கொடுக்கப்போகிறார்கள். மூன்றாவது தடவையும் இவளைத் திருப்பி அனுப்பவும் மனசு வரவில்லை. காய்ச்சுகிற எண்ணெய்தானே, சூட்டில் எல்லாம் போய்விடும் என்று ஒரு சமாதானம் வந்தது. இத்தனையும் யோசிக்க ஒரு நிமிசம்கூட ஆகவில்லை. சேதுலட்சுமி புனலைச் செருகி எண்ணெயை ஊற்றிவிட்டாள்.

அன்றைக்கு வீட்டில் இரண்டு துண்டு வாளைக் கருவாடு இருந்தது. புருசனுக்கென்று செவ்வந்தி அந்த எண்ணெயில் பொரித்து வைத்தாள். அவளும் மாமியாரும் தாளிக்காத வெறும் ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டார்கள். சாப்பிட்டு அரை மணி நேரத்தில் கூத்தையா வாந்தியெடுத்தான். வாயில் எச்சில் ஒழுகியது, சட்டையெல்லாம் வேர்வையில் நனைந்தது. மினிவேனில் தூக்கிப் போட்டுக்கொண்டு இராமநாதபுரம் பெரியாஸ்பத்திரிக்குப் போனார்கள். பூச்சிமருந்து உள்ளே போயிருக்கிறது, அளவு குறைச்சல் என்பதால் பிழைத்தான் என்று டாக்டர் சொன்னார்.

விடிவதற்குள் ஊர் தீர்ப்பு எழுதிவிட்டது. அவன் மட்டும் எப்படி விழுந்தான், பெண்டாட்டி ஏன் விழவில்லை? கருவாட்டை அவள் ஏன் தொடவில்லை? பெண்டாட்டி கடைசியில் மிஞ்சியதைத் தின்பதும், நல்லது இரண்டு துண்டு இருந்தால் அது ஆம்பளைக்குப் போவதும் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். அன்றைக்கு அது ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. முந்தின மாதம் அவன் குடித்துவிட்டு அவளை அடித்தது மட்டும் எல்லோருக்கும் ஞாபகம் வந்தது.

செவ்வந்தி ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து அழுதுகொண்டே சொன்னாள். பாட்டிலை மோட்டார் ரூம் பக்கத்தில் எடுத்தேன், மண்ணைப் போட்டுக் குலுக்கி மூணு தடவை கழுவினேன், அதில்தான் எண்ணெய் வாங்கினேன். அதற்கு சோலையம்மாள் சொன்ன பதில் மறுநாள் கடை வரைக்கும் வந்து சேர்ந்தது.

"மருந்து பாட்டில்ல எண்ணெ வாங்குனாளாம். சேதுலட்சுமி ஊத்துனாளாம். அவ மூக்குக்குத் தெரியாத வாடையா? பாட்டில்ல வாடை இருந்திருந்தா அவ ஊத்தியிருப்பாளா? மருந்து வீட்டுக்குள்ளதான் கலந்திருக்கு."

கடையில் நின்றவர்கள் இதைச் சொல்லிவிட்டு, சரிதானே என்பதுபோல சேதுலட்சுமியைப் பார்த்தார்கள். அவள் தராசுத் தட்டைத் துடைத்தாள். துடைத்த தட்டையே திரும்பவும் துடைத்தாள்.

வீட்டில் புருசனிடம் மட்டும் சொன்னாள். அவன் பெயர் தனுஷ்கோடி, முதுகுளத்தூர் போகிற பஸ்ஸில் கண்டக்டர். நாள் முழுக்க நாலு பேரோடு மல்லுக்கட்டி, எதிலும் மாட்டிக்கொள்ளாமல் வீடு வந்து சேரத் தெரிந்த மனுசன்.

"உன்னைய யாராச்சும் கேட்டாகளா?" என்றான்.

"கேக்கல."

"கேக்காததுக்கு ஏன் பதில் சொல்லப் போற? தெரிஞ்சே ஊத்துனேன்னு சொன்னா போலீசு வரும், கடைக்குப் பூட்டுப் போடுவாக. பதினெட்டுப் பொம்பளைக பொழப்பு அது. அவந்தான் பொழச்சுக்கிட்டான்ல?"

பதினெட்டுப் பொம்பளைகள் பிழைப்பு என்ற வார்த்தையைச் சேதுலட்சுமி கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். தனக்காக வாயை மூடுவது கேவலம், ஊருக்காக வாயை மூடினால் அது தியாகம் மாதிரி இருந்தது. அடுத்த வாரம் இராமநாதபுரத்துக்குப் போய்க் கேடயத்தை வாங்கினாள். மேடையில் அவளைப் பேசச் சொன்னார்கள். ஊருணி, வரத்துக்கால், பாத்திரம் கொண்டுவரும் பழக்கம் என்று நன்றாகவே பேசினாள். கைதட்டினார்கள். அதே தெருவில் நாலு கட்டிடம் தள்ளி ஆஸ்பத்திரியில் கூத்தையா படுத்துக் கிடந்தான். எட்டிப் பார்த்துவிட்டு வரலாம் என்று கூட வந்தவர்கள் சொன்னார்கள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டாள். பஸ் வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

கூத்தையா ஊர் திரும்பிய ஞாயிற்றுக்கிழமை காளி கோயில் வேப்பமரத்தடியில் கூட்டம் போட்டார்கள். இவளோடு வாழ முடியாது, உறவைத் தீர்த்துவிடுங்கள் என்று அவன் தரப்பில் கேட்டார்கள். செவ்வந்தி ஒரு ஓரமாக முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றாள். அவளுக்கு அப்பா அம்மா இல்லை. தீர்த்துவிட்டால் போக ஒரு வீடு கிடையாது. அது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும்.

கூட்டத்தை நடத்திய பெரியவர் சின்னச்சாமி நியாயமான மனுசர். இரண்டு பக்கமும் கேட்டுவிட்டுச் சேதுலட்சுமியைக் கூப்பிட்டார்.

"நீ சொல்லுத்தா. எண்ணெ ஊத்துனது நீதான். அந்தப் பாட்டில்ல மருந்து வாடை இருந்துச்சா, இல்லையா?"

இதைத்தான் அவள் பத்து நாளாக எதிர்பார்த்துப் பயந்துகொண்டிருந்தாள். இருந்தது என்று சொல்லத்தான் எழுந்தாள். அது சத்தியம். எழுந்து நின்றதும் அத்தனை முகமும் அவளைப் பார்த்தது. தன் மூக்கை நம்பிச் சாமான் வாங்குகிற முகங்கள்.

"மருந்து பாட்டில் மாதிரிதாய்யா தெரிஞ்சுச்சு. கழுவித்தான் கொண்டாந்துருந்தா. ஆனா அன்னைக்கு எனக்குச் சளி. மூக்கு அடைச்சுக் கெடந்துச்சு. வாடை இருந்துச்சா இல்லையான்னு எனக்குத் தெரியல" என்றாள்.

சொல்லிவிட்டுச் செவ்வந்தி பக்கம் பார்த்தாள். செவ்வந்தியும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சின்னச்சாமி கொஞ்ச நேரம் தாடையைத் தடவினார். பாட்டிலால் நடந்திருக்கலாம், நடக்காமலும் இருந்திருக்கலாம். தெரியாத விசயத்துக்கு ஒரு பெண்ணைத் தெருவில் விட முடியாது. அவள் புருசன் காலில் விழுந்து கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போகட்டும் என்று தீர்ப்புச் சொன்னார். செவ்வந்தி விழுந்து எழுந்தாள். எப்படியோ அவளைக் காப்பாற்றிவிட்டோம் என்று சேதுலட்சுமி நினைத்துக்கொண்டாள். அந்த நினைப்பு அன்று சாயங்காலம் வரைக்கும்கூடத் தாங்கவில்லை.

மறுவாரம் இராமநாதபுரத்துக்குப் போய்ப் பழைய பாட்டில் வியாபாரி சதக்கின் கடையில் ஒரே அளவான நாற்பது கண்ணாடிப் பாட்டில் வாங்கிவந்தாள். கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்து, வெயிலில் காயவைத்து, எண்ணெய் ஊற்றி வரிசையாக அடுக்கினாள். காட்டிலிருந்து வெறுங்கையோடு வருகிறவர்கள் ஒரு பாட்டிலை எடுத்துக்கொண்டு போகலாம், அடுத்த தடவை வரும்போது காலிப் பாட்டிலைக் கொடுத்துவிட்டு வேறொன்றை எடுத்துக்கொள்ளலாம். கவரும் வேண்டாம், பாத்திரமும் வேண்டாம். கூலிக்காரப் பெண்களுக்கு ஒரே சந்தோசம், அக்காவுக்கு எவ்வளவு யோசனை பாரேன் என்றார்கள். சேதுலட்சுமி அந்தப் பாட்டில் வரிசைக்கு முதுகைக் காட்டியபடிதான் உட்கார்ந்து வியாபாரம் பார்த்தாள். இதைச் செய்ய ஒரு பகல்தான் ஆயிற்று. தை மாதமே செய்திருக்கலாம். அந்த ஒரு பகல் வேலையை மிச்சம் பிடித்துவிட்டுப் பலகை எழுதி மாட்டியிருந்தாள்.

செவ்வந்தி மட்டும் கடைக்கு வரவில்லை. சோலையம்மாள்தான் வந்து வாங்கிப் போனாள். பங்குனி பாதியில், மாமியாருக்குக் கால் வீங்கிய ஒரு நாளில், செவ்வந்தியே வந்தாள். இளைத்துப் போயிருந்தாள். கடையில் வேறு யாரும் இல்லை. சேதுலட்சுமி ஒரு பாட்டிலை எடுத்து நீட்டினாள்.

"காசு வேணாம்த்தா, கொண்டு போ."

செவ்வந்தி முடிச்சை அவிழ்த்து அஞ்சு ரூபாயை எண்ணி வைத்தாள். வைத்துவிட்டுத் தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"அன்னைக்கு உங்களுக்குச் சளி இல்லயேக்கா?"

சேதுலட்சுமி காசை எடுக்கப் போன கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"மோந்து பாத்து மூக்கச் சுளிச்சீக. நான் பாத்தேன். எனக்கும் வாடை வரத்தாங்க்கா செஞ்சுச்சு. நான் என்னத்தக் கண்டேன்? அக்காவே மோந்து பாத்துட்டு ஊத்துறாக, அப்பறம் என்ன இருக்கப் போகுதுன்னு தைரியமாக் கொண்டு போனேன்."

அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் சேதுலட்சுமி பிழைத்திருப்பாள்.

"கூட்டத்துல நீ இதச் சொல்லலயே?"

"நீங்க சொல்லுவீகன்னு இருந்தேன்" என்றாள் செவ்வந்தி. பாட்டிலை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் வந்தவர்களுக்குச் சாமான் நிறுத்துப்போட்டுவிட்டு, சேதுலட்சுமி கடையை அடைத்தாள். இன்னும் வெளிச்சம் இருந்தது, வியாபாரம் சூடு பிடிக்கிற நேரம். அவள் பூட்டிவிட்டுக் கிழக்கே நடப்பதைப் பார்த்து, சாமான் வாங்க வந்தவர்கள் என்னவோ ஏதோ என்று நின்றார்கள். வழியில் சின்னச்சாமி எதிரே வந்தார். அவரையும் கையோடு கூட்டிக்கொண்டு போனாள். போகிற வழியிலேயே சொன்னால் தைரியம் தீர்ந்துவிடும் என்று பயந்து அவரிடம் வாயைத் திறக்கவில்லை.

செவ்வந்தி வந்து சமைத்து முடித்திருந்தாள். கூத்தையா அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருந்தான். தட்டில் சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் இருந்தன. சோலையம்மாள் சுவரோரம் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பெரியவரைப் பார்த்ததும் கூத்தையா எழப் போனான்.

"நீ உக்காருப்பா" என்றாள் சேதுலட்சுமி. "நான் ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு எனக்குச் சளி இல்ல. பாட்டில்ல மருந்து வாடை இருந்துச்சு. எனக்கு நல்லாத் தெரிஞ்சுச்சு. தெரிஞ்சேதான் ஊத்துனேன். பக்கத்துல கவரு கெடந்துச்சு, குடுக்க மனசு வரல. கேடயம் போயிருமேன்னு நெனச்சேன். கூட்டத்துல பெரியவர் கேட்டப்பவும் பொய் சொன்னேன். உன் பொண்டாட்டி மேல ஒரு குத்தமும் இல்ல. எல்லாம் என் மேலதான்."

சின்னச்சாமி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஏத்தா, இத அன்னைக்கே சொல்லியிருக்கக் கூடாதா?" என்று மட்டும் கேட்டார். சோலையம்மாள் வாயில் கையை வைத்துக்கொண்டு மருமகளைப் பார்த்தாள். செவ்வந்தி அடுப்பங்கரை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கூத்தையா தட்டைத் தள்ளி வைத்தான். அவன் கத்துவான், அடிக்க வருவான், கடைக்குப் பூட்டுப் போடச் சொல்வான் என்றெல்லாம் சேதுலட்சுமி எதிர்பார்த்தாள். எதுவானாலும் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் நின்றாள்.

"நான் பொழச்சுக்கிட்டேன்க்கா. என்னைய விடுங்க" என்றான். "அவ கெடையாக் கெடந்து சத்தியம் பண்ணுனா. நான் நம்பல. உங்க மூக்கத்தான் நம்புனேன்."

செவ்வந்தியைப் பார்த்தான். பிறகு தட்டை இழுத்துச் சோற்றைப் பிசைந்தான்.

அப்போது செவ்வந்தி அடுப்பங்கரையிலிருந்து வந்து அவன் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். யாரும் அவளை அழைக்கவில்லை. அவன் தட்டிலிருந்து ஒரு வாய்ச் சோறு எடுத்துத் தின்றாள். குழம்பில் கிடந்த கத்தரிக்காயிலும் ஒரு துண்டு பிட்டுத் தின்றாள். விழுங்கிவிட்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

சேதுலட்சுமிக்குப் புரியவில்லை. சோலையம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"கூட்டம் போட்ட நாள்லருந்து மூணு வேளையும் இப்படித்தான். அவ தின்னு காட்டுனாத்தான் இவன் தின்னுவான்."

"இனிமே வேணாம்த்தா" என்றான் கூத்தையா அவளைப் பார்த்து.

செவ்வந்தி தலையாட்டினாள். ஆனாலும் எழுந்திருக்கவில்லை. அவன் முதல் வாய் எடுத்து வைக்கும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள்.